கோங்கம்: ஓர் இளவேனிற் காட்டுமலரை அடையாளங் காணுதல்

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியத்தில் இளவேனிலின் வருகையை அறிவிக்கும் மலர்களுள் கோங்கம் ஒன்று. இப்பெயர் பிற்காலத்தில் வெவ்வேறு மரங்களுக்கு வழங்கியதால் சங்கப் பாடல்களில் இடம்பெறும் கோங்கம் எது என்பதில் குழப்பம் நேர்ந்துள்ளது. பாடல்கள் தரும் உறுப்பு அடையாளங்கள், பூக்கும் பொழுது, வளரும் நிலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கி, கோங்கம் என்பது வறண்ட பாறைச் சரிவுகளில் வளரும் காக்ளோசுபெர்மம் ரிலிஜியோசம் என்னும் மரமே என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. பெயர் இடம்பெயர்ந்த வரலாறும் உடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கோங்கம், கோங்கிலவு, இளவேனில், பாலைத்திணை, சங்க இலக்கியத் தாவரங்கள்

முன்னுரை

பழந்தமிழ்ப் பாடல்களில் வரும் தாவரங்களை இன்றைய தாவரவியற் பெயர்களோடு பொருத்தும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பி. எல். சாமி, கு. சீநிவாசன் ஆகியோரின் நூல்கள் இத்துறைக்கு அடித்தளமாக அமைந்தன. முல்லை, தாமரை போன்ற தாவரங்களுக்கு வழக்கு இடையறாது தொடர்வதால் அடையாளம் காண்பது எளிது. பெயர் வழக்கொழிந்தோ வேறொரு மரத்துக்கு மாறியோ போன தாவரங்களிடத்தில்தான் சிக்கல் எழுகிறது. கோங்கம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

உரையாசிரியர்கள் கோங்கத்தைக் கோங்கு என்றே கூறிச் செல்வது வழக்கம். தம் காலத்தார் அறிந்த மரத்துக்கு விளக்கம் தேவையில்லை என அவர்கள் கருதியிருக்கலாம். இன்றைய வாசகருக்கு அச்சொல் எதையும் காட்டுவதில்லை. அகராதிகளைப் புரட்டினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் ஓங்கி வளரும் ஹோப்பியா இன மரமும், வறண்ட குன்றுகளில் நிற்கும் மஞ்சள் பூ மரமும் ஒரே பெயரின்கீழ் வருகின்றன. இரண்டும் நிலத்தாலும் தோற்றத்தாலும் முற்றிலும் வேறானவை. இவற்றுள் எதைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாடலின் நிலக்காட்சியே மாறிவிடும். ஆதலின் இது சொற்பொருள் பற்றிய சிறு ஐயமாக மட்டும் நிற்பதன்று. பாலைத்திணையின் நிலம் எத்தகையது என்னும் வினாவோடு தொடர்புடையது.

பாடல்கள் தரும் அடையாளங்கள்

கோங்கத்தின் தோற்றத்தைப் பற்றிய செய்திகள் பல பாடல்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்துக் காணும்போது ஒரு மரத்தின் முழு வடிவம் புலப்படுகிறது.

முதலாவது அடையாளம் இலையின்மை. பார்காப்பான் பாடிய குறுந்தொகை 254ஆம் பாடலில், இலையற்ற கிளைகளில் வண்டினம் ஒலிக்கக் கோங்கின் முதற்பூக்கள் மலர்ந்துவிட்டன. வருவதாகச் சொன்ன தலைவன் வரவில்லை எனத் தலைவி வருந்துகிறாள். பூக்குங்கால் இலையில்லாமை, வண்டுகளை மிகுதியாக ஈர்த்தல் ஆகிய இரண்டு செய்திகள் இப்பாடலில் கிடைக்கின்றன.

இரண்டாவது அடையாளம் நிறம். ஐங்குறுநூறு 367ஆம் பாடல் கோங்கின் பூவைப் பொன்னோடு ஒப்பிடுகிறது. அப்பூவை வேங்கைப் பூவோடு சேர்த்துச் சூடியதாகவும் அப்பாடல் கூறுகிறது. வேங்கையும் மஞ்சள் நிறப் பூ உடையதே. ஆயினும் இரண்டும் தம்முள் வேறுபட்டுத் தோன்றின என்பது பாடலால் பெறப்படுகிறது. வேங்கைப் பூ சிறியது, கொத்தாக மலர்வது. அதனின்று வேறுபடும் கோங்கம் தனித்துத் தெரியும் அளவுக்குப் பெரிய பூவாதல் வேண்டும்.

மூன்றாவது அடையாளம் பட்டை. அதே ஐங்குறுநூற்றுப் பாடல் கோங்கின் அடிமரம் பொரிந்திருப்பதைச் சுட்டுகிறது. வழவழப்பான பட்டையுடைய மரங்கள் இதனால் விலக்கப்படுகின்றன.

நான்காவது அடையாளம் மொட்டின் வடிவம். திருமுருகாற்றுப்படை, பரணர் பாடிய புறநானூறு 336, பாலை பாடிய பெருங்கடுங்கோவின் அகநானூறு 99 ஆகியவற்றிலும் மேற்கண்ட குறுந்தொகைப் பாடலிலும் கோங்கின் மொட்டு இளமகளிரின் முலைக்கு உவமையாகவோ பொருளாகவோ வருகிறது. இவ்வுவமையை அளவறிந்து பயன்படுத்த வேண்டும். தாமரை மொட்டும் இவ்வாறே உவமை கூறப்படுவதால், உவமை மட்டுமே ஓர் இனத்தை உறுதிசெய்யப் போதாது. எனினும் அது ஒரு குறைந்தபட்ச நிபந்தனையை விதிக்கிறது. உருண்டு திரண்டு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மொட்டு உடைய மரத்துக்கே இவ்வுவமை பொருந்தும்.

ஐந்தாவது அடையாளம் பூ கிளையில் நிற்கும் முறை. நற்றிணை 48ஆம் பாடலில் பாலை பாடிய பெருங்கடுங்கோ கோங்கின் பூவைக் குடை வடிவினதாகக் காட்டி, அதனை விடியற்காலத்து விண்மீனுக்கு ஒப்பிடுகிறார். அவரே நற்றிணை 202இல் கோங்கம் பூத்த காட்டைக் கார்த்திகைத் திங்களில் ஏற்றும் விளக்குகளின் வரிசையாகக் காண்கிறார். விடியலில் வானம் முழுதும் மீன்கள் மலிந்திருப்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒளி மிக்கவை மட்டுமே எஞ்சும். ஆகவே, நெருங்கிய கொத்தாகவோ தொங்கும் சரமாகவோ அன்றி, கிளை நுனிகளில் தனித்தனியே விரிந்து நிற்கும் பூவையே புலவர் கருதினார் எனல் பொருந்தும்.

நிலமும் பொழுதும்

கோங்கம் பூக்கும் காலத்தை ஐங்குறுநூறு ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் ‘இளவேனிற் பத்து’ (341–350) என்னும் தலைப்பில் பத்துப் பாடல்கள் உள்ளன. குயில், குரவம், அதிரல், பாதிரி, மராஅம், வேம்பு என ஒவ்வொரு பாடலும் அப்பருவத்தின் ஓர் அடையாளத்தைக் கொண்டு இளவேனிலின் வரவைச் சொல்கிறது. அவற்றுள் 343ஆம் பாடல் கோங்கத்தின் கொழுத்த மொட்டுகள் கட்டவிழும் பொழுதைக் கூறுகிறது. இப்பத்தினை இளவேனிலின் பூ அட்டவணை எனக் கொள்ளலாம்.

உரையாசிரியர் மரபில் இளவேனில் என்பது சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்கள். இன்றைய கணக்கில் இது ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. காக்ளோசுபெர்மம் மரமோ பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூக்கிறது. இவ்வேறுபாடு முதற்பார்வையில் ஒரு தடையாகத் தோன்றும். இதற்கு இரு விளக்கங்கள் உள்ளன.

ஒன்று, காலக்கணிப்பு. தமிழ்த் திங்கள்கள் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட ஞாயிற்று ஆண்டைச் சார்ந்தவை. அவ்வாண்டு பருவங்களோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்தங்குகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் சித்திரைப் பிறப்பு மார்ச்சுத் திங்களின் சமஇரவு நாளை ஒட்டி அமைந்திருக்கும். இன்று அது ஏறத்தாழ 24 நாள் தள்ளி வருகிறது. இத்திங்கட் பகுப்பு சங்க காலத்திலேயே வழங்கியது எனக் கொண்டால், அன்றைய இளவேனில் மார்ச்சு பிற்பகுதியிலேயே தொடங்கியதாகும். கோங்கின் பூப்பு அப்போது இளவேனிலின் தொடக்கத்தோடு நன்கு இணைகிறது.

மற்றொன்று, திணையிலக்கணம். தொல்காப்பியம் பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்குகிறது. பின்பனியின் கடைசியில் முதற்பூ விட்டு இளவேனில் வரை பூத்துக்கொண்டிருக்கும் மரத்துக்கு இவ்விரு பருவமும் பொருந்துகின்றன. குறுந்தொகைத் தலைவி முதற்பூவைக் கண்டே கலங்குவதற்கு இதுவே காரணமாகலாம். பருவம் முற்றுமுன்னரே அது வருவதை மரம் அறிவித்துவிடுகிறது.

நிலத்தைப் பொறுத்தவரை, மேலே கண்ட அகப்பாடல்களுள் பல பாலைத்திணைக்கு உரியவை. நற்றிணை 202, அகநானூறு 99 ஆகிய இரண்டும் உடன்போக்கில் தலைவன் தலைவிக்குச் சுரத்தின் அழகைக் காட்டும் பாடல்கள். நிழலற்ற அவ்வழியில் கோங்கமும் பாதிரியும் மராஅமும் பூத்து நிற்கின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் கோங்கம் இடம்பெறுதலால் அது மலைசார்ந்த மரம் என்பது துணியப்படும். மலைச்சரிவிலும் வறண்ட காட்டிலும் ஒருங்கே வளரக்கூடிய மரம், இலையுதிர் காட்டு மரமாகவே இருத்தல் இயலும்.

காக்ளோசுபெர்மம் மரத்தின் இயல்புகள்

காக்ளோசுபெர்மம் ரிலிஜியோசம் சிறிய அல்லது நடுத்தர உயரமுள்ள இலையுதிர் மரம். தமிழகத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தின் வறள் காடுகளிலும் வளர்கிறது. மண் குறைந்த, வெயில் நேரே படும் பாறை இடுக்குகள் இதற்கு ஏற்ற இடம். பட்டை நாருடையது, முதிர்ந்த மரத்தில் ஆழமாக வெடித்துப் பொரிந்திருக்கும்.

இலைகள் உள்ளங்கை வடிவில் மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிரிந்தவை. அடிப்பக்கத்தில் மென்மயிர் அடர்ந்தவை. பனிக்காலத்தில் அவை உதிர்ந்துவிடும். அதன்பின் வெறுங்கிளைகளின் நுனியில் உருண்ட மொட்டுகள் திரண்டு, ஒரு சில நாளுக்கு ஒரு சில என்ற முறையில் மலர்கின்றன. பூ ஐந்து அகன்ற இதழ்களை உடையது. விரிந்த நிலையில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நடுவில் எண்ணற்ற மகரந்தத் தாள்கள் நிறைந்துள்ளன. மகரந்தப் பைகள் நுனித்துளை வழியே திறப்பவை. மகரந்தம் திரட்டும் வண்டுகளும் தேனீக்களும் இப்பூக்களை மொய்ப்பது இயல்பு. பூக்காலம் முடிந்தபின் ஐந்து பகுதியாக வெடிக்கும் காயும், அதனுள் வெண்பஞ்சு சூழ்ந்த விதைகளும் உண்டாகின்றன.

இலையற்ற கிளை, பொன்னிறம், பொரிந்த அடிமரம், திரண்ட மொட்டு, கிளைநுனியில் தனித்து நிற்கும் குடை வடிவப் பூ, வண்டின் ஈட்டம் ஆகிய அனைத்தும் இம்மரத்தில் ஒருங்கே அமைந்துள்ளன. சங்கப் புலவர் கூறிய அடையாளங்களுள் இதனோடு முரணுவது ஒன்றுமில்லை.

ஒத்த தோற்றமுடைய மரங்கள்

ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு செய்வதன் இடரை இலவம் காட்டுகிறது. ஔவையார் பாடிய அகநானூறு 11ஆம் பாடலில் இலவமும் இலையின்றிப் பூத்து நிற்கிறது. அதுவும் விளக்குகளின் வரிசைக்கே ஒப்பிடப்படுகிறது. இலையின்மை, விளக்குவமை என்னும் இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் கோங்கமும் இலவமும் ஒன்றே எனத் தோன்றும். இலவத்தின் பூ செந்நிறமானது. கோங்கத்தின் பூ பொன்னிறமானது. நிறமே இங்குப் பிரிக்கும் அடையாளமாகிறது. குறிஞ்சிப்பாட்டின் மலர்த்தொகுதியில் இலவம், கொன்றை, கோங்கம், வேங்கை ஆகிய நான்கும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளமை இதற்கு உறுதியான சான்று. கபிலர் நான்கையும் நான்கு மலர்களாகவே அறிந்திருந்தார்.

கொன்றையும் பொன்னிற மலரே. ஆயினும் அதன் பூக்கள் சரமாகத் தொங்குபவை. மேலும் சங்கப் பாடல்களில் கொன்றை முல்லைத்திணைக்குரிய கார்காலத்தின் அறிகுறியாக வருவது பெருவழக்கு. பருவமும் பூக்கொத்தின் அமைப்பும் அதனை விலக்குகின்றன.

ஹோப்பியா பார்விஃப்ளோரா முதலிய மரங்கள் பசுமை மாறாதவை. மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்பவை. அவற்றின் பூக்கள் சில மில்லிமீட்டர் அளவே உள்ளவை. கிளைத்த கொத்துகளில் நெருங்கி மலர்பவை. இலையற்ற கிளை, குடை போன்ற பூ, திரண்ட மொட்டு, வறண்ட சுரம் ஆகிய நான்கில் ஒன்றேனும் இம்மரத்துக்குப் பொருந்தவில்லை. எனவே சங்கக் கோங்கத்துக்கு ஹோப்பியாவைப் பொருளாகக் கொள்ள இடமில்லை.

இன்றைய பார்வையாளரைக் குழப்பக்கூடிய மரங்கள் வேறு சில உள்ளன. நகரச் சாலைகளில் வேனிலில் இலையுதிர்த்து மஞ்சளாகப் பூக்கும் டபீபுயா மரங்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவற்றின் இதழ்கள் ஒன்றிணைந்து ஊதுகுழல் வடிவில் அமைந்திருக்கும். கோங்கின் ஐந்து இதழ்களும் தனித்தனியானவை. தோட்டங்களில் அடுக்கிதழ்ப் பூவோடு வளர்க்கப்படும் காக்ளோசுபெர்மம் விடிபோலியம் கோங்கின் நெருங்கிய உறவாயினும் அமெரிக்க நாட்டு இனமே. அதன் இலைமடலின் விளிம்பு பல்வெட்டு உடையது. கோங்கின் இலைமடல் விளிம்பில் வெட்டு இல்லை. பூ மட்டும் கிடைக்கும் பருவத்தில் இவ்வேறுபாடு புலப்படாது என்பதால், மரத்தை இலைக்காலத்திலும் கண்டு உறுதிசெய்வது தேவையாகிறது.

பெயரின் வரலாறு

அடையாளம் இவ்வளவு தெளிவாக இருக்கப் பெயர் ஏன் இடம்பெயர்ந்தது என்னும் வினா எழுகிறது. பிற்காலத்தில் இம்மரத்துக்கு வழங்கும் கோங்கிலவு என்னும் பெயர் இதற்கு ஒரு குறிப்பைத் தருகிறது. கோங்கத்தையும் இலவத்தையும் இணைப்பது காயினுள் உள்ள பஞ்சு. மேற்கண்ட சங்கப் பாடல்களில் ஒன்றேனும் கோங்கின் பஞ்சைப் பேசவில்லை. அவை மரத்தைப் பூக்காலத்தில் கண்டன. பஞ்சின் காலம் அதற்குப் பிந்தியது. பூவால் பிரித்தறியப்பட்ட இரு மரங்களைப் பயன் நோக்கிய பிற்கால வழக்கு பஞ்சால் ஒன்றாக்கிற்று எனலாம்.

தாவரவியலின் வரலாற்றிலும் இதே நிகழ்வு காணப்படுகிறது. 1753இல் லின்னேயஸ் இம்மரத்தை இலவத்தின் இனமாகிய பாம்பாக்ஸ் என்பதிலேயே சேர்த்துப் பாம்பாக்ஸ் ரிலிஜியோசம் எனப் பெயரிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காக்ளோசுபெர்மம் என்னும் தனி இனம் அமைக்கப்பட்டு இது இலவத்தினின்று பிரிக்கப்பட்டது. சுருண்ட ஓடு போன்ற விதையை உடையது என்பது அவ்வினப் பெயரின் பொருள். இன்று வழங்கும் பெயரை 1931இல் ஆல்ஸ்டன், இலங்கைத் தாவரங்கள் பற்றிய டிரைமனின் கையேட்டுக்கு எழுதிய துணைத்தொகுதியில் நிலைநிறுத்தினார். இப்போது இம்மரம் இலவத்தின் குடும்பத்தில் இல்லை; சாப்பிரா மரம் அடங்கிய பிக்சேசி குடும்பத்தோடு சேர்த்து எண்ணப்படுகிறது. இலவம் வேறு, கோங்கம் வேறு எனக் கபிலர் செய்த பகுப்பை அறிவியல் தன் வழியில் பின்னர் வந்தடைந்தது.

அண்டை மொழிகளின் பெயர்களைச் சான்றாகக் கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். தெலுங்கில் இம்மரத்தின் பெயர் கொண்டகோகு. இதன் பிசினும் அப்பெயராலேயே விற்பனையாகிறது. ‘கொண்ட’ என்பது மலை. ‘கோகு’ என்பது கோங்கு என்பதன் இனச்சொல் போல ஒலிக்கிறது. ஆனால் புளிச்சக்கீரை வகைச் செடிக்கும் தெலுங்கில் கோகு என்றே பெயர். இரண்டின் இலையும் விரல்கள் போலப் பிரிந்திருப்பதால், மலையில் வளரும் கோகு என்ற பொருளிலும் அப்பெயர் தோன்றியிருக்கக் கூடும். ஒலி ஒப்புமை மட்டும் இதனை முடிவுசெய்யாது.

சிங்களத்தில் இம்மரம் கிணிஹிரியா எனப்படுகிறது; இது பாலி மொழியின் கணிகார என்பதோடும் வடமொழியின் கர்ணிகாரம் என்பதோடும் தொடர்புடையது. ஆனால் வடமொழிக் கர்ணிகாரம் எது என்பதே ஐயத்துக்குரியது. கொன்றை உட்பட வேறு மரங்களையும் அதற்குப் பொருளாகக் கொள்வர். காளிதாசர் குமாரசம்பவத்தில் கர்ணிகாரத்துக்கு நிறம் உண்டு, மணம் இல்லை என்கிறார். இக்குறிப்பும் எந்த ஒரு மரத்தையும் உறுதியாகச் சுட்டுவதன்று. ஆகவே பெயர்கள் துணைச்சான்றாக நிற்கலாமேயன்றி முதற்சான்றாக நிற்க இயலாது. பாடல் தரும் உறுப்படையாளமும் நிலமும் பொழுதுமே முதற்சான்று.

முடிவுரை

சங்கக் கோங்கம் காக்ளோசுபெர்மம் ரிலிஜியோசமே என்னும் முடிவு தனியொரு குறிப்பைச் சார்ந்தது அன்று. இலையின்மை இலவத்துக்கும் உண்டு. பொன்னிறம் கொன்றைக்கும் வேங்கைக்கும் உண்டு. மொட்டுவமை தாமரைக்கும் உண்டு. இவை அனைத்தும் வறண்ட மலைச்சரிவில், இளவேனிலின் தொடக்கத்தில், ஒரே மரத்தில் கூடுவது கோங்கத்தில் மட்டுமே.

இம்முடிவால் விளையும் பயன் இரண்டு. முதலாவது, பாடற்பொருள் பற்றியது. கோங்கத்தை மழைக்காட்டு மரமாகக் கொண்டால் பாலைத் தலைவன் தலைவிக்குக் காட்டும் காட்சி பொருளற்றதாகிவிடும். நிழல் தராத வெறுங்கிளையில் பூ மட்டும் ஒளிரும் மரம் என அறியும்போதுதான், கொடிய வழியையும் இனிதாக்கிக் காட்ட அவன் அதைத் தேர்ந்ததன் நயம் விளங்கும். உரைநூல்களும் பாடநூல்களும் கோங்கு என்பதற்கு அகராதியின் முதற்பொருளை எடுத்தெழுதாமல் இதனைக் கருதுதல் வேண்டும்.

இரண்டாவது, மரத்தைப் பற்றியது. சங்க மரங்களை நடும் ஆர்வம் பெருகிவரும் இந்நாளில், பெயர் மயக்கத்தால் ஹோப்பியாவோ அமெரிக்க இனமோ கோங்கம் என நடப்பட்டால், அடுத்த தலைமுறை தவறான மரத்தின் கீழ் நின்று பாடலைப் படிக்கும். மாசி, பங்குனித் திங்களில் வறண்ட குன்றுகளின் பாறைச் சரிவுகளில் வெறுங்கிளை நுனியிலுள்ள மஞ்சள் பூவையும், மழைக்குப்பின் அதே மரத்தின் அடிமயிர் கொண்ட மூன்று முதல் ஐந்து மடல் இலையையும், வேனில் முதிர்கையில் வெடிக்கும் காயின் வெண்பஞ்சையும் கண்டு, மூன்றும் ஒத்த பின்னரே அதன் விதையைக் கோங்கின் விதை எனத் திரட்டுதல் தக்கது.